அமெரிக்கக் கடிதத்துக்கு ஒரு மூலப்பத்திரம்

சாரல் வலுத்ததும் ஷெர்லின் ஓடிப்போய் ஏறிய இடம், தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திரம் எழுதும் கடை. வேறு கடையே கிடைக்கவில்லையா என்றால்... அங்கேதான் 'பிரிண்ட் எடுக்கப்படும்' என்று போட்டிருந்தது.

"இருபது பக்கம்... சீக்கிரம் வேணும்," என்று பென்டிரைவை நீட்டினாள்.

பத்திரம் எழுதும் விஜயசங்கர் நிமிர்ந்தான். இமையெல்லாம் மழைத்துளி தொங்க நின்றவளைப் பார்த்தான்... பென்டிரைவை எங்கே சொருகுவது என்றே ஒரு நொடி மறந்துபோனான், பாவம்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. சுரண்டைப் பெண், அமெரிக்க அடிமை முறை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "புளியங்குடியைத் தாண்டாத பிள்ளைக்கு அமெரிக்கா எதுக்கு?" என்று கேட்ட வாய்களை எல்லாம் அடைக்க, வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் நடக்கும் கருத்தரங்குதான் அவளுக்கு முதல் வாய்ப்பு. இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது.

வந்து விழுந்த தாளைப் படித்துக்கொண்டே அவன் கேட்டான். "மேடம்... லூசிங்கிற அடிமைப் பொண்ணு மகளுக்கு எழுதின லெட்டர்னு போட்டிருக்கிய. இதுக்கு மூலப்பத்திரம் எங்கன இருக்கு?"

"என்னது?"

"ஒரிஜினல். யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சுன்னு கேக்குதேன். ஒரு சென்ட் நிலம்னாலும் அதப் பாக்காம நாங்க எழுத மாட்டோம்."

சுர்ரென்று வந்தது கோபம். "பத்திரம் எழுதுறவங்களுக்கு அமெரிக்க வரலாறு எதுக்கு? இது நெட்ல அம்பது இடத்துல இருக்கு!"

"அம்பது பேரும் எங்கன இருந்து எடுத்தாங்கன்னு பாத்தியளா?"

கடையில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷெர்லின் தாள்களை அள்ளிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

'திமிர் பிடிச்சவன்... காட்டுதேன் உனக்கு!' வீட்டுக்குப் போன வேகத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். தேடத் தேட முகம் வாடியது. ஐம்பது தளமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எல்லாம் கடைசியில் போய் நின்றது வாழ்த்து அட்டை விற்கும் ஒரு தளத்தில். கடிதம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, யார் கொடுத்தது, கையெழுத்தின் படம்... ஒன்றுமே இல்லை. இதை மேடையில் படித்திருந்தால்...?

மறுநாள் காலை கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க மனசு வந்தது, வாய்தான் வரவில்லை. "நீங்க கேட்ட மூலப்பத்திரம்... இல்ல," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "அந்த ஊர்லயும் ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி ஒண்ணு இருக்கும்லா?"

இருந்தது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருந்தது. தாளின் பெயர், ஊர், தேதி, பக்க எண்... "அடேயப்பா, எல்லாம் பக்காவா இருக்கே!" என்று அவன் வியந்தபோது, என்னமோ அவளே அச்சடித்துப் போட்ட மாதிரி அவளுக்குப் பெருமை!

இரண்டு நாள் தேடினார்கள். பழைய பத்திரங்களோடே பழகியதால் மங்கிய எழுத்தைப் படிப்பதில் அவன் கில்லாடி. வியாழக்கிழமை மதியம் நாலு வரி விளம்பரம் ஒன்றில் அவன் விரல் நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான ஒரு தாய், எட்டு வயதில் தன்னிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட மகள் எங்கே என்று தேடி, செய்தித்தாளில் கொடுத்த விளம்பரம். படித்துச் சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கலங்கிய அந்தக் கண்களைப் பார்த்தாள் ஷெர்லின்... அவ்வளவுதான், விழுந்துவிட்டாள்.

"நாளைக்குக் குத்தாலத்துக்கு வாரியளா?"

"நான் பிளஸ் டூ, மேடம். பத்திரம் எழுதுறவனுக்கு அங்கன என்ன வேலை?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு அவள் வீசிய சொல் இன்னும் அவனுக்குள் தைத்துக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, அந்த விளம்பரத்தை வைத்து மாற்றி எழுதிய கட்டுரையை அவள் படித்து முடித்ததும், தலைமை வகித்த பேராசிரியர் ஸ்ரீவித்யா கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல அனுப்பின சுருக்கத்துல லூசி கடிதம்னு இருந்துச்சே. ஏன் எடுத்துட்டீங்க?"

மழுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் கடைசி வரிசையில், நனைந்த சட்டையோடு வந்து ஒண்டியிருந்தவனை அவள் பார்த்துவிட்டாள்.

"அது ஆதாரமே இல்லாத கடிதம், மேடம். நான் நம்பி ஏமாந்துட்டேன். அதக் கண்டுபிடிச்சது தென்காசியில பத்திரம் எழுதுற விஜயசங்கர். இந்த விளம்பரத்தையும் அவர்தான் படிச்சுச் சொன்னார். அவர்ட்ட நான் மரியாதை இல்லாம பேசிட்டேன்... அதுக்கு இங்கயே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

முதலில் கைதட்டியது பேராசிரியர்தான்.

வாசலில் அவன் காத்திருந்தான். "எதுக்கு அத்தன பேர் முன்னால...?"

"எனக்குப் பெருமையா இருந்துச்சு, சொன்னேன்." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு...?"

"மொத நாளே..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா என் படிப்பு... உங்க வீடு, சர்ச்சு..."

"ஞாயித்துக்கிழமை சுரண்டைக்கு வாங்க. எங்க அப்பாட்ட நானே சொல்லுதேன்."

"என்னன்னு...?"

"நான் கட்டிக்கிடப் போறவர்னு!"

சொன்னவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்... வெட்கப்பட்டதெல்லாம் விஜயசங்கர்தான்.