பேரப்புலியும் சுழல் நாற்காலியும்

"ஐயோ...!"

அலறல் சலூன் கண்ணாடிகளை அதிர வைத்தது.

சலூன்காரர் கையில் சவரக்கத்தி. கத்திக்குக் கீழே வாடிக்கையாளரின் கழுத்து!

சலூன்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆசாமி. ஆனால் பேரம் பேசுவதில் புலி; அதனால் தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் பேரப்புலி!

"கழுத்தா... காதா? எது போச்சுன்னு மட்டும் சொல்லுங்க!"

"யோவ், கழுத்து பத்திரமா இருக்கு. இது என் சேர்!"

"என்னது...?"

"கைப்பிடிக்கு அடியில பாரு. என் பொண்ணு ஒட்டின யானை ஸ்டிக்கர்! நானும் சலூன்காரன்தான்யா. போன வாரம் பூட்டை உடைச்சு சேர், கத்தி, கண்ணாடி எல்லாத்தையும் தூக்கிட்டானுங்க. அதான் சவரத்துக்கு இங்க வந்தேன்!"

பாதி முகம் நுரையோடு வாடிக்கையாளர் போலீசுக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"சந்தையில ஒருத்தன் சார். வேன்ல வெச்சு வித்தான்."

"பில்?"

"கேட்டா விலை ஏறிடுமேன்னு..."

"பாதி விலையா?"

பேரப்புலியின் மார்பு தானாக நிமிர்ந்தது. "கால் விலை சார்!"

கல்லாவில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பவும் பெருமைதானா?"

இன்ஸ்பெக்டரின் குரல் இறுகியது.

"திருட்டுன்னு தெரியாம வாங்கியிருந்தா சேர் மட்டும் போகும். தெரிஞ்சு வாங்கியிருந்தா நீங்களும் குற்றவாளி. மூணு வருஷம் வரைக்கும் உள்ளே!"

பேரப்புலி கையெடுத்துக் கும்பிட்டார்.

"சத்தியமா தெரியாது சார்! ஆதாரம் இருக்கு. நான் பேரம் பேசறதை எல்லாம் போன்ல பதிவு பண்ணிடுவேன்!"

"எதுக்கு?"

"எனக்குப் போட்டுக் காட்டத்தான்," என்றாள் மனைவி. "சாப்பிட உட்கார்ந்தா போதும் சார்... ஆரம்பிச்சிடுவாரு. சோறு இறங்காது."

பேரப்புலி போனைத் தட்டினார். திருடனின் குரல்...

"எங்க மாமா கடையில இருந்ததுண்ணே. கடையை மூடிட்டாரு."

"கேட்டீங்களா சார்? மாமா கடை! நான் அப்பாவி!"

போன் நிற்கவில்லை. அடுத்து வந்தது பேரப்புலியின் கர்ஜனை!

"யார்கிட்ட கதை விடறே? இது திருட்டு சேர்தானே? திருட்டு சாமானுக்கு இவ்வளவு விலையா? கால்வாசிக்குக் குடு... இல்லேன்னா போலீஸைக் கூப்பிடவா?"

"ஐயோ, எடுத்துட்டுப் போண்ணே! யார்கிட்டயும் சொல்லிடாதே!"

பேரப்புலி அவசரமாகப் போனை அணைத்தார்.

"சார்... அது விலையைக் குறைக்கச் சும்மா சொல்றது. தக்காளிக்கும் அதையேதான் சொல்லுவேன்!"

"அவன் உடனே பயந்துட்டானே... அப்ப என்ன நினைச்சீங்க?"

பேரப்புலி தலையைக் குனிந்தார்.

"ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் சார்."

"ஏறுங்க ஜீப்ல!"

நுரை முகக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "யோவ், என் மீதி தாடி?"

"பாதிதானே ஆச்சு? நீங்க பாதிக் காசு குடுத்தா போதும்ணே," என்றாள் மனைவி. கூடவே வாழ்ந்த பழக்கம்!

ஜீப் கிளம்பியது. பேரப்புலி மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"மூணு வருஷம்னு சொன்னீங்களே சார்... நமக்குள்ள என்ன? ஒன்றரைன்னு முடிச்சுக்கலாமா?"