பந்தாடப் போனவள்

"அந்த ஷூவைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போங்க அண்ணி!"

வாசலைக் கையால் மறித்துக்கொண்டு நின்றாள் நாத்தனார். அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டும் அவள் நகரவில்லை. குனிந்து ஷூவின் கயிற்றை முடிந்துகொண்டிருந்த வயதான அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி விடும்மா. உங்க அண்ணனுக்கு மாத்திரை குடுத்துட்டேன், துணியும் மாத்திட்டேன். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திரு. சீக்கிரம் வந்துடுவேன்."

"எங்க போறீங்க? நானே சொல்லட்டுமா? மாடி வீட்டுக்காரி கண்ணால பாத்துட்டு வந்து சொல்றா... பல்கலைக்கழக மைதானத்துல கும்பலாச் சேந்து பந்து விளையாடுறீங்களாம்! நீங்க சிரிக்கிற சிரிப்பு ரோடு வரைக்கும் கேக்குதாம்! இங்க எங்கண்ணன் ஒரு பக்கம் விளங்காமக் கிடக்கிறாரு... எப்படி அண்ணி மனசு வருது உங்களுக்கு?"

பாலை இறக்கி வைத்துவிட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஏதோ வேலைன்னுதானே அத்தை சொன்னீங்க..." என்றாள், பாதி கேள்வியாக.

மகன் பாதி சவரத்தோடு வந்து நின்றான். "அம்மா, உன்னால முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடு. நல்ல முதியோர் இல்லமாப் பாத்து அப்பாவைச் சேத்துடலாம்னு நான் அப்பவே சொன்னேன். எதுக்கு இந்த ஒளிவு மறைவு?"

இல்லம்! அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. உள்ளறைக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கணவரின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

"வந்து பேசிக்கலாம்..." நாத்தனாரின் கையை மெல்ல விலக்கிவிட்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை கண்ணீரை விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் அது பெரிய ஆராய்ச்சி. முதியவர்கள் பெருகிவரும் காலத்தில், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களின் உடம்பையும் மனதையும் விளையாட்டு காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி. மருத்துவத்துறை டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்ப்பார். விளையாட்டுத்துறைப் பயிற்சியாளர் குந்தி எழச் சொல்வார், விழுந்தவரை எழுப்பும் விதமும் காட்டுவார். மனநலத்துறைப் பெண் தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்பாள். பொறியியல் வாத்தியார் ஒருவர் ஷூவுக்குள் ஏதோ தகட்டை வைத்து, கால் எங்கே அழுந்துகிறது என்று கணினியில் பார்ப்பார். "ஒரு மனுஷிக்கு இத்தனை பேரா! என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் வந்து என்னைப் பாக்கலையே!" என்று அவள் முதல் நாளே எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கடைசியில் வலை கட்டிப் பந்தாட்டம்.

அவள் ஏன் அங்கே சேர்ந்தாள் என்பது அந்த வீட்டில் கணவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அன்று ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. சீக்கிரமே திரும்பினாள். வாசலுக்கு வரும்போதே உள்ளேயிருந்து அலறல்!

கணவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். மகன் அவருடைய கையைப் பிடித்து இழுக்க, அவர் வலியில் துடித்தார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இழுக்காதே! தோள் கழண்டுரும், விடு!"

அந்தக் குரலில் மகன் கையை விட்டுவிட்டான். அவள் கணவரின் அருகே உட்கார்ந்தாள். "ஏங்க... என்னைப் பாருங்க. எங்க வலிக்குது? தலையில பட்டுச்சா? இல்லையா... நல்லது. அவசரமே இல்லை. மூச்சு வாங்கிக்குங்க." இடுப்பையும் காலையும் தடவிப் பார்த்தாள். "மெதுவா ஒருக்களிச்சுத் திரும்புங்க... ஆங், அப்படித்தான். முட்டி போடுங்க. டேய், அந்த நாற்காலியை முன்னாடி வெச்சு அழுத்திப் பிடி. நீ பின்னாடி ஒண்ணு கொண்டா கண்ணு. நல்ல காலை ஊணுங்க... நான் இருக்கேன்... எழுந்திருங்க!"

அவள் கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி, அவர் இடுப்பை அணைத்தாள். பேருந்து ஓட்டிய அந்தப் பெரிய உடம்பு மெல்ல எழுந்து நாற்காலியில் அமர்ந்தது. பின்னால் நாற்காலி கொண்டுவந்து வைத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க தனியா எழுந்தீங்க? யாரையாவது கூப்பிடக் கூடாதா?"

அவர் குழறிக் குழறிப் பேசினார். "இவன்... இல்லத்துக்குப் போன் பண்ணிட்டிருந்தான்... சொல்லணும்னு... எழுந்தேன்."

"வேண்டாங்க..." அவள் கெஞ்சினாள்.

"நீ சும்மா இரு! டேய்... ஒரு மத்தியானம்... என்னைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது... இவ மயங்கி விழுந்துட்டா. இதே தரையில. வீட்ல யாரும் இல்லை. கத்துறேன்... குரல் வரலை. நான் கட்டில்ல கிடந்து... இவ கண்ணைத் திறக்கிற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்டா!" ஒரு பக்கக் கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது. "உங்ககிட்ட சொன்னா... என்னை இல்லத்துக்கு அனுப்பிடுவீங்கன்னு... மறைச்சா. எனக்காக உடம்பைத் தேத்தப் போனா. அவ விளையாடப் போனது... என்னைத் தூக்க!"

மகன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "ஏம்மா என்கிட்ட சொல்லலை... நான் அவ்வளவு கெட்டவனாம்மா?"

"கெட்டவன் இல்லடா. பயந்தவன். நானும் பயந்துதான் போனேன்..."

"அண்ணி!" நாத்தனார் அவள் மடியில் விழுந்தாள். "என் நாக்கை அறுத்துப் போடணும்... என்னென்ன பேசிட்டேன்!"

"அறுத்துட்டா அப்புறம் என்கூட யாரு சண்டை போடுவா? எழுந்திரு," என்றாள் அவள், அழுகைக்கு நடுவே சிரித்து.

அதன்பிறகு அவள் தனியாகத் தூக்கவில்லை. மகன் காலையில் ஒரு கை கொடுத்தான்; மருமகள் மாலையில். கணவரும் நடக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தை விட்டு, வாக்கர் சட்டத்தைப் பிடித்துக் கூடத்தில் நடக்கத் தொடங்கினார். "ஸ்டியரிங்கே இல்லாத வண்டி இது!" என்று திட்டிக்கொண்டேதான்.

ஆராய்ச்சியின் முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். கணவர் முன்வரிசையில் இருந்தார். விளையாட வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கால் பலமும் தூக்கமும் கூடியிருப்பதாகவும், ஆனால் வீட்டில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள ஆளில்லாதவர்கள் தேறவே இல்லை என்றும் டாக்டரம்மா சொன்னார். பிறகு அவளைப் பேச அழைத்தார்.

அவள் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா மத்தவங்க உடம்பைத்தான் பாத்துக்கிட்டேன். எனக்கும் ஒரு உடம்பு இருக்குன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது... இப்ப அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. கணவர் சட்டத்தைப் பற்றி எழுந்தார். மகன் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டான். அவருக்கும் தட்ட வேண்டும். இடது கை எழவில்லை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த தங்கையைப் பார்த்தார்.

"கையை நீட்டு," என்றார்.

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மேடையிலிருந்த மனைவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தன் வலது கையால் அதில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.