வெளுத்த ஆயில்

டணார்!

முத்துக்கனியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஓடிக்கொண்டிருந்த பதினோரு மெஷின்களும் ஒரே நொடியில் நின்றன. அவனுடைய மேஜையின் மேல் இரண்டு இடத்தில் வளைந்த ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. அதை அங்கே போட்ட பெண்மணி மூச்சு வாங்க எதிரே நின்றாள். வெள்ளை வாயில் சேலை, மூக்குக் கண்ணாடி, வலது கையில் முழங்கை வரை கிரீஸ்.

"என்ன டீச்சர் இது, ஆயுதமா?" முத்துக்கனி ஆவலாக எழுந்தான். "யாரை அடிச்சது?"

"கார் ஸ்டார்ட் பண்ணுத ஹேண்டில். செத்தது காருதான். எப்படிச் செத்துதுன்னு எனக்குத் தெரியணும்."

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜேசுபாதம் தலையை நிமிர்த்தினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் சுங்க இலாகாவில் வேலை பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முன்பு 1972-ல் ஓய்வு பெற்றவர். யாராவது சிக்கலோடு வந்தால் காது கொடுப்பார். முத்துக்கனிக்கு அதில்தான் டைப்ரைட்டிங்கைவிட ருசி.

"உட்காருங்க ஞானதீபம் டீச்சர்," என்றார். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுப்பவள் ஞானதீபம். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. மில்லர்புரத்தில் அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கார் வாங்கினாள். வாங்குவதென்றால் பழைய அம்பாசடர் ஒன்று வாங்கு என்றார் அண்ணன். அவள் தேர்ந்தெடுத்தது துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் பதினான்கு வருஷமாகத் தூசி மூடிக் கிடந்த எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். 1952-ல் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட், மேலே கேன்வாஸ். யாரோ ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் கப்பலேறும்போது விட்டுப் போனது.

"எல்லாரும் பெயிண்டைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் இந்த ஹேண்டிலைப் போட்டுச் சுத்திப் பாத்தேன். சுத்துச்சு. கீழ படுத்து சேசிஸைக் குத்திப் பாத்தேன், ஓட்டை இல்ல. அது போதும். பாடிக்குள்ள மரச்சட்டம் சார். ஒரு பக்கம் கரையான் அரிச்சிருந்துது. தோணி கட்டுத ஆசாரியைக் கூட்டி வந்து புன்னை மரத்துல மாத்தினேன். கேஸ்கெட்டைச் செம்புத் தகட்டுல வெட்டினோம். கார்புரேட்டர் ஊசியை ஸ்கூல் லேப்ல வச்சு நானே ராவினேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?" என்றான் முத்துக்கனி.

"சொல்லாம? பொம்பளை மூடியில்லாத கார்ல சர்ச்சுக்குப் போனா சபை சிரிக்கும்னு அண்ணன் குதிச்சாரு. கடைசியில ஒரு பேச்சு வச்சுக்கிட்டோம். ரெண்டு வருசத்துக்குள்ள வெகிக்கிள் இன்ஸ்பெக்டர் முன்னால ஓட்டிக் காட்டணும். இல்லன்னா ஷெட்டைக் காலி பண்ணி, காரைக் கேட்டுக்கிட்டே இருக்க லாரிக்கார விக்டருக்கு வித்துரணும். வார வெள்ளிக்கிழம இன்ஸ்பெக்‌ஷன்."

"கடைசியாக எப்போது ஓடியது?" என்றார் ஜேசுபாதம்.

"ஞாயித்துக்கிழம. துறைமுகம் வரைக்கும் போயிட்டு வந்தேன், பூ மாதிரி ஓடுச்சு. ஷெட்ல அண்ணன், விக்டர், மெக்கானிக் மாசானம் எல்லாரும் இருந்தாங்க. மாசானம் ஆயில் ஊத்திக்கிட்டே ஒரு லாரிக் கதை சொன்னாரு. ஆயில் பால் மாதிரி வெளுத்துட்டா பிளாக்ல விரிசல், இஞ்சினுக்குச் சங்கு ஊதிர வேண்டியதுதான்னு. அப்பதான் மைனி, அண்ணன் வீட்டுக்காரி, காப்பி கொண்டாந்தாங்க, குடிச்சிட்டுக் கலைஞ்சோம். நேத்துக் காலையில ஸ்டார்ட் பண்ணேன். ரெண்டு நிமிசத்துல ஆயில் முள்ளு ஆடுச்சு. நிறுத்திட்டு மாசானத்தை வரச்சொன்னேன். அளவுக் கம்பியை உருவினாரு. ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு."

"அப்ப விரிசல்தானே?" என்றான் முத்துக்கனி.

"ஓடும்போது கொதிக்கல, புகை வெளுக்கல. சும்மா நின்ன இஞ்சின்ல எப்படி விரிசல் விழும்? பனி உறையுத ஊர்ல விழும். தூத்துக்குடியில ஏது பனி?" அவள் ஹேண்டிலை எடுத்துக்கொண்டாள். "பன்னெண்டு மணிக்கு விக்டர் லாரியோட வாராரு. நெசமாவே விரிசல்னா வாக்குப்படி குடுத்துருவேன். பொய்யின்னா, எந்தக் கொம்பன் வந்தாலும் காரு நகராது."

ஜேசுபாதம் பேப்பரை மடித்தார்.

மில்லர்புரம் வீட்டின் பக்கவாட்டில் ஓலை ஷெட். உள்ளே பச்சை வண்ணத்தில், கம்பிச் சக்கரங்களோடு, அந்தக் கார் நின்றது. அண்ணன் தேவபிரசாதம் கைகட்டி நின்றார். சர்க்கார் ஆபீஸ் சூப்பிரண்டு. சபைக் கமிட்டியில் காரியதரிசி. மெக்கானிக் மாசானம் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஓரமாகக் குந்தியிருந்தான்.

ஜேசுபாதம் பூட்டைப் பார்த்தார். கீறல் இல்லை.

"சாவி யாரிடம்?"

"அடுக்களைச் சுவத்துல ஆணியில தொங்கும்," என்றாள் ஞானதீபம்.

"மாசானம், ரேடியேட்டர் மூடியைத் திறங்க."

திறந்தான். கழுத்து வரை தண்ணீர் தளதளவென்று நின்றது. ஜேசுபாதம் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"ஆத்துத் தண்ணியாக்கும்," என்றார் தேவபிரசாதம் ஏளனமாக. "ஊரு ஒரு குடத்துக்குக் குழாயடியில முடியப் புடிச்சு அடிச்சுக்கிடுது. இந்த மகராசி காருக்கு நல்ல தண்ணி ஊத்துதா."

"கிணத்து உப்புத் தண்ணி ஊத்தினா உள்ள அரிச்சிரும்ணே. நூறு தடவை சொல்லியாச்சு."

"மாசானம், அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டை மெதுவாகத் திருகுங்க," என்றார் ஜேசுபாதம். "ஒரு நாள் நின்றிருக்கிறது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம். முதலில் அதுதான் வரும்."

வந்தது. கலங்கலாக ஒரு செம்பு தண்ணீர். அதன் பின்னால் வெளுத்த ஆயில் கூழ் மாதிரி இறங்கியது. ஜேசுபாதம் தண்ணீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். கையெல்லாம் பிசுபிசுத்தது.

"கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

தேவபிரசாதமே உள்ளே போய் ஒரு செம்பு கொண்டு வந்தார். அவர் சாய்த்து ஊற்றுவதற்குள், பின்னாலேயே அவர் மனைவி இன்பமணி ஓடி வந்தாள்.

"ஐயோ, பித்தளைக் குடத்துலயா மோந்திய? நல்ல தண்ணில்லா அது! கருக்கல்ல எந்திரிச்சு வரிசையில நின்னு புடிச்சது!" செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "கல்யாணமாகிப் பதினாறு வருசம் ஆச்சு. குடத்துத் தண்ணி எது, தொட்டித் தண்ணி எதுன்னு இன்னும் தெரியல."

"தண்ணின்னா எல்லாம் தண்ணிதாம்ளா."

"சுமக்கவளுக்குல்லா தெரியும்." கிணற்றடித் தொட்டியிலிருந்து ஒரு வாளி கொண்டு வந்து வைத்துவிட்டு இன்பமணி உள்ளே போனாள்.

முத்துக்கனி ஜேசுபாதத்தின் காதருகே குனிந்தான். "அண்ணாச்சி, விக்டர்தான். இந்தக் காரு மேல அவனுக்கு ஒரு கண்ணு. இப்பவே போய்ப் புடிச்சிருவமா?"

"அவரே பன்னிரண்டு மணிக்கு வருகிறார். நீர் போய் ஒரு ஸ்டவ்வும் ரெண்டு இரும்புக் கரண்டியும் வாங்கி வாரும்."

லாரி ஹாரன் தெருவில் கேட்டபோது இரண்டு கரண்டிகளும் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தன. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் விக்டர், இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்து கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். இன்பமணியும் வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"எல்லாரும் பாருங்க," என்றார் ஜேசுபாதம். "இது ரேடியேட்டர் தண்ணீரைக் காய்ச்சிய கரண்டி. கொஞ்சம் துருக்கறை, வேறொன்றும் இல்லை. இது ஆயிலுக்குள்ளிருந்து வந்த தண்ணீரைக் காய்ச்சியது."

இரண்டாவது கரண்டியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. முத்துக்கனி தொட்டு நக்கினான். "உப்பு!"

"விரிசல் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர்தானே ஆயிலில் இறங்கும்? அங்கே இருப்பது நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் இந்தக் காருக்குள் எந்த வழியாகவும் தானாகப் போக முடியாது. ஒருவர் ஆயில் மூடியைத் திறந்து ஊற்றினால்தான் உண்டு. டீச்சர், உங்கள் பிளாக்கில் விரிசல் கிடையாது."

மாசானம் தலையில் அடித்துக்கொண்டான். "ஆயிலைப் பாத்ததும் எனக்கு நெஞ்சே அடைச்சிட்டு அண்ணாச்சி. ரேடியேட்டரைப் பாக்கவே இல்ல!"

"மண்ணெண்ணெய் கலந்து ரெண்டு தரம் கழுவணும், புது ஆயில் ஊத்தணும். எந்திரிங்க மாசானம்!" ஞானதீபம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

அரை மணி நேரம் யாரும் நகரவில்லை. முடிந்ததும் அவளே ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாள். முதல் சுற்றில் இருமல். இரண்டாவதில் ஷெட் ஓலை அதிர எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆயில் முள் ஏறி, ஆடாமல் நின்றது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"லாரியைத் திருப்புங்க விக்டர். அண்ணே, வெள்ளிக்கிழம சர்ச் ரோடு வழியாத்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போவேன். சபை சிரிச்சா சிரிக்கட்டும், கேன்வாஸையும் இறக்கிட்டுத்தான் போவேன்."

தேவபிரசாதம் பல்லைக் கடித்தார்.

"இப்ப சொல்லுங்க சார்," அவள் ஜேசுபாதத்தின் பக்கம் திரும்பினாள். "ஊத்தினது யாரு?"

"கார் பிழைத்துவிட்டது. அது போதாதா டீச்சர்?"

"போதாது. இனி நான் யாருக்குப் பயந்து ஷெட்டைப் பூட்டணும்னு எனக்குத் தெரியணும்."

ஜேசுபாதம் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆயிலுக்குள் ஒரு செம்புத் தண்ணீர் போயிருக்கிறது, ரேடியேட்டரில் ஒரு சொட்டும் குறையவில்லை. எஞ்சின் தெரிந்தவர் இந்த வேலையைச் செய்திருந்தால், விரிசல் என்று நம்பவைக்க அங்கேயும் ஒரு செம்பு வடித்திருப்பார். அதனால் மாசானம் இல்லை, ரெண்டு லாரி வைத்திருக்கும் விக்டரும் இல்லை. பூட்டும் உடையவில்லை, சாவி இந்த வீட்டு அடுக்களையில். செய்தவர் எஞ்சின் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை மாசானம் சொன்ன கதையைக் கேட்டவர், அவர் எந்த மூடியைத் திறந்து ஆயில் ஊற்றினார் என்று பார்த்தவர்."

"அப்ப என்னையச் சொல்லுதீரா?" தேவபிரசாதம் எகிறினார்.

"இல்லை. நீங்கள் செய்திருந்தால் இந்தக் கரண்டியில் உப்பே பூத்திருக்காது. நீங்கள் கை கழுவக்கூடக் குடிதண்ணீரைத்தான் மோந்து வருகிறீர்கள். உங்களுக்குக் குடமும் தொட்டியும் ஒன்று. அப்படிச் செய்திருந்தால் எனக்கும் ஒன்றும் பிடிபட்டிருக்காது. ஊற்றிய கைக்கு, வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை. காரைக் கெடுக்கப் போகும்போதுகூடத் தானாகத் தொட்டிப் பக்கம் போய்விட்டது. அந்தப் பழக்கம் இந்த வீட்டில் ரெண்டு பேருக்குத்தான். ஒருவர் டீச்சர்."

எல்லாருடைய பார்வையும் வாசல் நிலைக்குத் திரும்பியது. இன்பமணி தலையைக் குனியவில்லை.

"மைனி?" என்றாள் ஞானதீபம்.

தேவபிரசாதத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியாளா தீபம்? இவளுக்கு இருக்க ரோசம் உனக்கு இல்லியே! குடும்ப மானத்துக்காக, எனக்காகச் செஞ்சிருக்கா!"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் இன்பமணி. பதினாறு வருஷத்தில் அவர் கேட்டிராத குரல் அது. "உங்களுக்காக நான் ஒண்ணும் செய்யல. ஊத்தினேன், ஆமா. அதுக்கு யார் கால்லயும் விழப் போறதில்ல."

படியிறங்கி வந்தாள். காரைச் சுற்றிக்கொண்டு போய், நாத்தனாருக்கு நேர் எதிரே நின்றாள்.

"அண்ணனை எதுத்த, சபையை எதுத்த, நானும் மனசுக்குள்ள உன் கட்சிதான். மாசானத்தை ஏத்தின, விக்டரை ஏத்தின, திட்டுத உங்க அண்ணனைக்கூட ஒருநாள் ஏத்திக்கிட்டுப் போன. 'மைனி, நீங்களும் ஏறுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டியாளா?"