முதல் வளைவில் மோதும் கார்

1987, ஆனி மாதம். காலை 8.40.

குற்றாலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வல்லிநாயகத்தின் வீடியோ கேம் கடையில் கார் பந்தய மெஷின் கெட்டுக் கிடந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரையில் கார் பாய்ந்து சுவரில் மோதியது. அருவியில் குளித்துவிட்டு வந்த நாலு பேர் ஆடிப் பார்த்தார்கள். ஒருவரும் முதல் வளைவைத் தாண்டவில்லை.

"காஜாதான் ஏட்டையா. நேத்து ஏசினேன். பழி வாங்கிட்டான். தென்காசி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க." வல்லிநாயகம் வலது கையால் புகாரை நீட்டினார். இடது கை துண்டுக்குள் இருந்தது.

ஏட்டு சங்கரநாராயணனுக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக் காஜா ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன். ஆனால் மெஷினின் பூட்டு உடையவில்லை. ஸ்டியரிங் இவ்வளவு திரும்பினால் கார் இவ்வளவு திரும்ப வேண்டும் என்று உள்ளே அளவு வைக்கிற சின்னத் திருகு மாறியிருக்கும் என்று காஜாவே சொன்னான். அந்த வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தென்காசிக்குப் போகிற பத்து மணி பஸ்ஸுக்குள் வேறு வழி தெரிய வேண்டும்.

"மெஷின் சாவி யார்ட்ட?" ஏட்டு காஜாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்கிட்ட ஒண்ணு. மொதலாளி வீட்டுப் பூஜை அலமாரியில ஒண்ணு."

"நீ திருகுறத யாரும் பாத்திருக்காங்களா?"

"மொதலாளிக்குச் சோறு கொண்டு வருதப்போ மொதலாளியம்மா நின்னு பாப்பாங்க. எதுக்கு இதுன்னு கேப்பாங்க."

"வல்லிநாயகம் அண்ணாச்சி ஆடுவாரா?"

"முன்னால கடை தெறந்ததும் மொத ஆட்டமே அவருதான். சித்திரையில இருந்து உக்காரல. தோள்ல சுளுக்காம்."

9.25. காஜா டீ வாங்கி வந்தான். "குடிங்க ஐயா. சாரல்ல நனைஞ்சிருக்கிய."

தன்னைப் பிடித்துப்போக வந்தவனுக்கு டீயா! ஏட்டு டம்ளரை இடது கையில் பிடித்தபடியே மெஷினில் உட்கார்ந்தார். வலது கையால் லேசாகத் தொட்டார். கார் முதல் வளைவைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது.

அவர் எழுந்து, மெஷினின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். திருகுக்குப் பக்கத்தில் புதுக் குங்குமப் பொட்டு.

9.40. சாப்பாட்டுத் தூக்கோடு வல்லிநாயகத்தின் மனைவி செண்பகவல்லி வந்தாள். ஏட்டு, ஆட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்:

"காஜா இல்ல அண்ணாச்சி. ரெண்டு கையால வெடுக்குனு திருப்பினாத்தான் மோதுது. ஒரு கை லேசாத் தொட்டாப் போதும்னு வச்சிருக்கு. கெடுக்க வந்தவன் பொட்டு வைக்க மாட்டான். நீங்கதானே தாயி?"

அவள் தூக்கை இறக்கி வைத்தாள்.

"இவங்க கை இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊருக்குத் தெரிய வேண்டாம்னாங்க. தெனம் அந்த மெஷினப் பாத்துட்டு வீட்டுல வந்து அழுதாங்க. நேத்துக் கடை அடைச்சதும் வந்து திருகுனேன். வேற நான் என்ன செய்ய முடியும் ஐயா? காஜா மேல பழி வரும்னு நெனைக்கலையே."

வல்லிநாயகம் புகாரைக் கிழிக்கப் பார்த்தார். ஒரு கைக்கு அது மடங்கியது, கிழியவில்லை. பல்லில் கடித்தார். அப்போதும் முடியவில்லை.

காஜா பக்கத்தில் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"இழுங்க மொதலாளி."