'தெரியும் பாப்பா' மாட்டிய சக்கரம்

அவளுடைய உண்மையான பெயரைத் தெருவில் பாதிப் பேர் மறந்தே போய்விட்டார்கள். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிடுவாள். அதனால் எல்லாருக்கும் அவள் 'தெரியும் பாப்பா'.

போன மாதம் அவள் அம்மா சைக்கிளோடு ஒரு பள்ளத்தில் விழுந்துவிட்டார். பின் சக்கரம் கோணிப்போனது. அம்மாவின் மணிக்கட்டும் சுளுக்கிக்கொண்டது. கை சரியாகிவிட்டது, பயம்தான் இன்னும் போகவில்லை.

"இன்னொரு தடவை விழுந்தா, அப்புறம் நான் சைக்கிளைத் தொடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். விடுப்பு முடிந்து, திங்கள் காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸும் கிடையாது.

ஞாயிறு பிற்பகல், பாப்பா கோணிய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் அளவு பார்த்து இரண்டு சக்கரங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் செயின் மாட்டும் பல்சக்கரம் இருந்தது. மற்றதில் இரண்டு பக்கமும் இருந்தது. அவள் அதைத்தான் தொட்டுக் காட்டினாள்.

"இதுவே இருக்கட்டும் மாமா. ஒண்ணு தேஞ்சா இன்னொண்ணு இருக்கும்ல?"

"கெட்டிக்காரிதான். ஆனா இதுல ஒரு பக்கம்..."

"தெரியும் மாமா!"

அவர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். அதுவும் தெரியுமாம். சிரித்துக்கொண்டே ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்.

வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். செயினைப் பல்லில் மாட்டினாள். தொய்வு போகச் சக்கரத்தைப் பின்னால் இழுத்தாள். அது நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினாள். கடைக்காரரே பார்த்தாலும் குறை சொல்ல முடியாது!

ஓட்டிப் பார்க்கத் தெருவில் இறங்கினாள். முனையில் சின்னச் சரிவு வந்தது. மிதிப்பதை நிறுத்தினாள். ஆனால் பெடல் நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றி அவள் கால்களைத் தூக்கி எறிந்தது. பிரேக்கைப் பிடித்து எப்படியோ வேலிச் செடிக்குள் போய் நின்றாள்.

முழங்காலில் சிராய்ப்பு. அது அவளுக்கு வலிக்கவே இல்லை. அம்மா போகும் வழியில் பாலத்துச் சரிவு இருக்கிறதே! அங்கே இப்படி ஆகிவிட்டால்?

கடைக்கு ஓடினாள். பூட்டு தொங்கும் என்று தெரிந்தும் நாலு முறை தட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால், ஒரு வாய் கூட இறங்கவில்லை.

"என்ன, இன்னிக்கு வாய்க்குப் பூட்டா?" என்றார் அம்மா.

சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா இனி சைக்கிளில் ஏறவே மாட்டார். சொல்லாவிட்டால் விழுந்துவிடுவார். அவளுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் கடைக்காரர் சொல்ல வந்தது நினைவுக்கு வந்தது. 'இதுல ஒரு பக்கம்...' ஒரு பக்கம் என்ன? அவரைச் சொல்லத்தான் விட்டாளா!

எழுந்து வாசலுக்குப் போனாள். செயினைக் கழற்றி, அந்தப் பல்சக்கரத்தை மட்டும் பின்பக்கமாகத் திருப்பப் பார்த்தாள். முழுச் சக்கரமும் கூடவே வந்தது. மறுபக்கத்துப் பல்சக்கரத்தைத் திருப்பினாள். அது தனியாகச் சுற்றியது. டிக்டிக்டிக்!

ஆக, ஒரு பக்கம் பெடலை நிற்க விடாது. மறுபக்கம் விடும். சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டினாள். மறுபடி செயினைச் சரி பார்த்து நட்டை இறுக்கினாள். இந்த முறை சரிவில் கால்கள் சும்மா இருக்க, சைக்கிள் மட்டும் சமர்த்தாக இறங்கியது. நம்பிக்கை வராமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.

காலையில் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அம்மா அவள் முழங்காலைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"நட்டு இறுக்கமா இருக்கா?" என்றார் கடைசியில்.

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"தெரியலம்மா. இரு, இன்னொரு தடவை பாத்துடறேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துகொண்டேதான் ஏறினார். தெருமுனைச் சரிவில் மிதிப்பதை நிறுத்தினார். டிக்டிக்டிக் என்று அந்தச் சத்தம் அம்மாவோடு முனை திரும்பி, பாலத்துப் பக்கமாகப் போனது.

அது காதுக்கு எட்டாமல் போனபிறகுதான் அவளுக்குப் பசித்தது.