குளிர் முனை

2019 ஜனவரி 23, புதன்கிழமை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் லெய்ட்லி ஊரில், கெவின் ராட்கே என்ற அறுபத்தேழு வயதுக்காரரின் உடல் அவர் வீட்டுப் பின்னறையில் கண்டெடுக்கப்பட்டது. இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மாரடைப்பு. உடல் நாற்காலியில் சாய்ந்திருந்தது. வலது கை முழங்கை வரை ஒரு பாம்புப் பெட்டிக்குள் இருந்தது. பாம்பு உயிரோடு இருந்தது. அதை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 13 அன்று அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது க்ளென் ஹார்ட்விக்குக்கு இதில் எதுவும் தெரியாது. 'பாம்புப் பெட்டி, மரம், நான்கடி, இலவசம்' என்று கடைத்தெருப் பலகையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்து வந்திருந்தான்.

ராட்கேயின் தங்கை ஐரிஸ் பெட்டியை முன்கூட்டியே வெளியே, எலுமிச்சை மரத்தடியில் வைத்திருந்தாள். அதை வண்டியில் ஏற்றும்போது கை கொடுக்க வரவில்லை. பத்தடி தள்ளியே நின்றாள்.

"கழுவித்தான் வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு. திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டுங்க. கெவ் எப்பவும் தட்டிட்டுத்தான் திறப்பான்."

"தெரியும்மா. சாப்பாடு இல்ல, கைதான் வருதுன்னு பாம்புக்குச் சொல்றது. பாம்பு வளர்க்கறவங்க சங்கத்துல சொல்லிக்குடுத்தாங்க."

"பாம்புக்கா?" என்றாள் ஐரிஸ். பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமா, பாம்புக்குத்தான்," என்றாள்.

கண்ணாடிக் கதவின் வலது சட்டத்தில், விரல் கணு படும் உயரத்தில், இரண்டு பள்ளங்கள் இருந்தன. பல வருடம் தட்டித் தேய்ந்தவை.

க்ளென் இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிற வேலையில் இருந்தவன். முந்தைய செப்டம்பரில் கத்தி வழுக்கி இடது கையில் நரம்பு அறுந்தது. அதிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படியிலிருந்து துணிக்கொடி, துணிக்கொடியிலிருந்து வாசல் கதவு, மறுபடி அடுப்படி. ராத்திரியும் அதே நடைதான். மனைவி லியான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விடிகாலை ஐந்துக்கு எழவேண்டும். எதையாவது வளர்க்கச் சொல்லுங்கள், கைக்கும் மனசுக்கும் வேலை இருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது அவள்தான் முந்திக்கொண்டாள்.

"நீ நடக்கற நடைக்கு நாய் செத்துரும்யா. நடக்காததா ஏதாவது பாரு."

அவன் பாம்பைப் பார்ப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்கான புத்தகத்தை அவன் இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். ஒரு நிபந்தனையோடு.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கதவு திறந்து கெடந்துச்சுன்னு வெச்சுக்க, பாம்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்."

"சரி."

"உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பெட்டியைப் பின்பக்க அறையில் வைத்தான். நீர்த்த ப்ளீச்சால் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, வெயிலில் மூன்று நாள் காயப்போட்டான். இடது முனையில் வெப்ப விளக்கு. பாம்பு சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளாதபடி அதற்குக் கம்பிக்கூடு. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியின் முனையை விளக்குக்கு நேர் கீழே ஒட்டினான். இடது முனை முப்பத்திரண்டு டிகிரி, வலதில், குளிர் முனையில், இருபத்தைந்து; இரண்டிலும் ஒவ்வொரு வெப்பமானி. வெயில் வேண்டுமானால் அங்கே, நிழல் வேண்டுமானால் இங்கே என்று பாம்பே போய்க்கொள்ளும். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து, ஒரு தண்ணீர்க் கிண்ணம், காய்ந்த கிளை, கீழே தேங்காய் நார்த்தூள். கதவுக்குச் சாவிப் பூட்டு. பாம்பைக் கொண்டுவருமுன் ஒரு வாரம் பெட்டியைக் காலியாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது சங்கத்தின் பழக்கம். ஓட்டினான்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, குளிர் முனை வெப்பமானி 36.4 காட்டியது.

மேற்கு வெயில் என்று நினைத்துத் திரையை இறக்கினான். மறுநாள் மூன்று மணிக்கு 36.4. வெப்பமானிகளை இடம் மாற்றினான். அதே. ஐந்தாம் நாள் விளக்கின் இணைப்பையே பிடுங்கினான். சூடான முனை மெல்ல மெல்ல இறங்கி இருபத்திரண்டுக்கு வந்தது.

குளிர் முனை 36.4.

நாலு மணிக்கு அது தானாகவே இறங்கியது.

சங்கத்து ஆளுக்குத் தொலைபேசினான். "நண்பா, வெப்பமானி பழசா இருக்கும். புதுசு வாங்கு," என்றார் அவர். வாங்கினான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் போகவில்லை.

மே முதல் வாரம் பாம்பு வந்தது. ஒரு வயதுகூட ஆகாத புள்ளி மலைப்பாம்பு, ஒரு முழ நீளம், எடை அறுபது கிராம். பழுப்பு நிறத்தில் சாக்லேட் திட்டுத் திட்டாக இருந்ததால் லியான் அதற்கு லாமிங்டன் என்று கேக்கின் பெயரை வைத்தாள். பெயர் வைத்ததோடு சரி, கிட்டே வரவில்லை.

"பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல எலியா? ஏன்யா, நமக்கு வேற குளிர்பெட்டியே கெடையாதா?"

"பாம்புக்குத் தீனி. செத்த எலிதானே. கடிக்காது."

"நான் கடிச்சிரப்போறேன், தூக்கக் கலக்கத்துல."

க்ளென் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை. லியான் பாத்திரம் தேய்ப்பதைப் போலத் திரும்பிக்கொண்டாள்.

இத்தனை பெரிய பெட்டியில் குட்டிப் பாம்பை விட்டால் பயந்து சாப்பிடாது, புதிதாக வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான் என்று சங்கத்தில் எச்சரித்திருந்தார்கள். லாமிங்டன் முதல் வாரமே சாப்பிட்டது. அடுத்த வாரமும். க்ளென் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கதவைத் திறப்பான். அது வந்து அவன் மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு தலையைக் கட்டைவிரல் மேல் வைக்கும். உணர்ச்சியில்லாத இடது கையில்கூட அதன் இறுக்கம் தெரிந்தது. அப்படியே முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நடை குறைந்தது. ராத்திரி தூங்கினான்.

மே 26, ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து க்ளென் அடுப்படியில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். லியான் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் போனாள்.

"க்ளென்." குரல் மிகத் தணிந்திருந்தது. "இங்க வா. ஓடி வராத."

பாம்பு குளிர் முனையில் இருந்தது.

நார்த்தூளின் மேல் இல்லை. கிளையின் மேலும் இல்லை. தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், மூன்று சுற்றாக, அந்தரத்தில் இருந்தது. சுற்றுகளுக்கு நடுவே ஒரு மணிக்கட்டு நுழையும் அளவுக்கு வெற்றிடம். தலை ஒரு பக்கமாக, எதன் மேலோ சாய்ந்திருந்தது.

"உன் கையில சுத்தற மாதிரியே சுத்தியிருக்கு," என்று லியான் கிசுகிசுத்தாள்.

வெப்பமானியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தான். மணி மூன்று தாண்டியிருந்தது; 36.4, ஆள் உடம்பின் சூடு.

அறையில் ஏதோ வாசனை. தேநீரும், பழைய கம்பளியும்.

பாம்பு மெல்ல இறங்கியது. யாரோ இறக்கி விடுவது போல, வால் முதலில், பிறகு உடம்பு, கடைசியில் தலை. கிளைப் பக்கம் ஊர்ந்து போனது.

டக். டக்.

சத்தம் கண்ணாடியின் உள்பக்கத்திலிருந்து வந்தது.

"பூட்டினியா?"

"காலையில பூட்டினேன். சாவி இதோ, என் பையில."

கதவு இரண்டு விரற்கடை நகர்ந்து திறந்திருந்தது.

லியான் துணிகளைக் கீழே வைத்தாள். "நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை.

அன்று மாலையே ஐரிஸுக்குத் தொலைபேசினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தினமும் மூணு மணிக்குத் தேநீர் குடிச்சுட்டுக் கையை உள்ள வெப்பான். பாம்பு வந்து சுத்திக்கும். அப்படியேதான் போயிருக்கான். அஞ்சு நாளும் அது கையை விட்டு இறங்கலையாம். ஆம்புலன்ஸ்ல வந்த பையன் என்கிட்ட ஒண்ணு சொன்னான். உடம்பெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சாம். அந்தக் கை மட்டும் சூடா இருந்துச்சாம்."

"விளக்குச் சூடா இருக்கும்."

"விளக்கு இந்தப் பக்கம், தம்பி. கை அந்தப் பக்கம் இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பிரித்து நகராட்சிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தார்கள். பொந்து, கிளை, கிண்ணம் எல்லாம் போயின. லாமிங்டனுக்குப் புதிய பிளாஸ்டிக் பெட்டி வந்தது. அதன் வயதுக்கு ஏற்ற சின்னப் பெட்டி. காற்றுக்கு ஓட்டைகள், மூடியில் இரண்டு கொக்கி, ஒரு முனையில் மட்டும் அடியில் சூட்டுப்பாய். முப்பத்திரண்டு, இருபத்தைந்து. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி. எந்தச் சத்தமும் இல்லை.

பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியது.

ஜூன் முழுக்கச் சாப்பிடவில்லை. எலியைச் சுடுநீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிப் பார்த்தான். இருட்டில் வைத்துப் பார்த்தான். குளிர் முனையின் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, பகல் முழுக்க மேலும் கீழும் ஊர்ந்தபடி இருந்தது. மூக்கில் தோல் உரிந்தது. எழுபத்திரண்டு கிராமாக இருந்த எடை ஜூலை நடுவில் ஐம்பத்தொன்றுக்கு வந்தது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்தியது.

"நோய் ஒண்ணும் இல்ல," என்றார் கால்நடை மருத்துவர். "குளிர்காலத்துல சில பாம்பு சாப்பிடாது. ஆனா இவ்வளவு சின்னது இன்னும் ரெண்டு வாரம் தாங்காது. வலுக்கட்டாயமா ஊட்டலாம். அதுலயே போனாலும் போயிரும்."

க்ளென் மறுபடி நடக்க ஆரம்பித்தான். அடுப்படி, துணிக்கொடி, வாசல் கதவு. லியான் படுக்கையில் அந்தக் காலடிகளை எண்ணிக்கொண்டு கிடந்தாள். பின்னறையில் பாம்பு பிளாஸ்டிக்கில் உரசும் சத்தமும் கேட்கும். இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தன. பாம்பு நின்றால் அவன் நிற்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 28, ஞாயிறு. குளிர். அறையில் பதினைந்து டிகிரிதான் இருந்தது. மூன்று மணிக்குச் சில நிமிடம் முன்னால் லியான் பின்னறைக்கு வந்தாள். கையில் ஒரு கோப்பைத் தேநீர். அதைப் பெட்டிக்கு வலப்பக்கம் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் அவள் உட்காரவில்லை.

"என்ன பண்றே?" என்றான் க்ளென்.

"நீ பேசாம இரு."

குளிர் முனைப் பக்கத்துக் கொக்கியை அவிழ்த்தாள். பாம்பென்றால் அவளுக்கு இன்னும் பயம்தான். மேசையின் ஓரத்தில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினாள்.

"கெவ்," என்றாள். "உங்க பெட்டியைத் தூக்கிப் போட்டது நான்தான். கோவம்னா என் மேல காட்டுங்க. இவனும் அதுவும் பாவம்."

ஒன்றும் நடக்கவில்லை.

தேநீரின் ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது, கனமான ஆள் உட்காரும்போது கிறீச்சிடுகிற மாதிரி. லியான் க்ளெனின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

டக். டக்.

மூடி ஒரு கை நுழையும் அளவுக்கு உயர்ந்தது. பாம்பு உரசுவதை நிறுத்தியது.

அன்று மாலை ஆறு மணிக்கு லாமிங்டன் ஒரு எலி சாப்பிட்டது. ஆகஸ்ட் 4 அன்று இன்னொன்று. ஆகஸ்ட் கடைசியில் அதன் எடை அறுபத்தாறு கிராம். குளிர் முனை வெப்பமானி தினமும் பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை 36.4 காட்டுகிறது. அந்தப் பக்கத்துக் கொக்கியை அவர்கள் போடுவதில்லை.