நம்மாளா?

சைரன் ஓய்ந்ததும் ஊர் இருட்டானதில் தேவகிக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை, கொஞ்ச நாளாக அதுதான் உத்தரவு. அவளை உறுத்தியது வேறு. சத்தமே இல்லை. விளக்கை அணைக்கச் சொன்னார்கள், சரி, மேலே பறந்து வருகிறவன் கண்ணுக்கு ஊர் தெரியக்கூடாது. அதற்காக டிவியையும் மிக்ஸியையும் கைக்குழந்தை அழுகையையும் சேர்த்தா அணைப்பார்கள்? எதிர்வீட்டு லட்சுமி புள்ளையைத் திட்டினால் ஏரிக்கு அந்தாண்ட கேட்கும் என்று ஊரே கிண்டல் பண்ணும். அந்த லட்சுமி வீட்டிலிருந்துகூட ஒரு செருமல் இல்லை.

தேவகி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். புருஷன் சகாதேவன் விடிகாலையில் கடலுக்குப் போனவன், இன்னும் கரை சேரவில்லை. கடலிலிருந்து ஏரிக்குள் நுழைகிற முகத்துவாரம் மணல் மேடிட்டு, நடுவில் ஒரு படகு போகிற அளவுக்குத்தான் வழி விட்டிருந்தது. இருட்டில் அந்த வழியைப் பிடிக்கத் துறையிலிருக்கும் கம்ப விளக்கு ஒன்றுதான் கதி. அதை மூக்குக்கு நேரே வைத்து வந்தால் வீடு. கொஞ்சம் விலகினால் அலை படகைத் தூக்கிக் கரையில் கொட்டிய பாறாங்கல்லில் அடித்துவிடும். அந்த விளக்கையும்தான் அணைத்து வைத்திருந்தார்கள், புத்தி கெட்டவர்கள்.

சைரனுக்கு முன்பே துறைக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். ரஞ்சித் போன மாசம்வரை இறால் எடைபோட்டுக் கொண்டிருந்தவன். இப்போது ஊர்ப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவன், பச்சை பனியன், கழுத்தில் விசில். சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருந்தான்.

"நம்மாளுங்க எல்லாரும் வந்தாச்சு அண்ணி. லைட்டு போட முடியாது."

"உங்கண்ணன் இன்னும் வரலடா."

"அதான் சொல்றேன். நம்மாளுங்க வந்தாச்சு."

மீன்துறை ஆபீசுக்குப் போன் போட்டாள். உத்தரவு மேலேயிருந்து வந்தது, மேலே கேளுங்கள் என்றான் ஒருவன். மேலே கேட்டால் அது உள்ளூர்க் குழு பார்த்துக்கொள்ளும் என்றான் இன்னொருவன். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் போனிலும் சார்ஜ் இல்லை.

நம்மாளு. அது தண்ணீர்மேல் புழங்குகிற சொல். இருட்டில் எதிரே ஒரு படகு வருகிற மாதிரி தெரிந்தால் 'நம்மாளா?' என்று கூவுவார்கள். எதிரில் இருப்பவன் எந்த ஊர்க்காரனோ, வடக்கேயிருந்து வந்த தெலுங்குக்காரனோ, 'நம்மாளு' என்று பதில் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போவான். மோதிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சண்டை வரப்போகிறது, வரப்போகிறது என்று டிவி அலற ஆரம்பித்த பிறகு அந்தச் சொல் கரையேறிவிட்டது. ஐஸ் வண்டி தானியேலை ஊர் வாசலில் மறித்து 'நம்மாளா?' என்றார்கள். வருஷக்கணக்காக வந்து போகிற மனுஷன், சிரித்துக்கொண்டே 'மீஞ்சூர் ஆளுப்பா' என்றான். அதற்குப் பிறகு ஐஸ் வரவில்லை. மீன் அழுகியது, அதைப் பற்றி வாய் திறக்க ஒருவருக்கும் தைரியமில்லை.

போன வாரம் சகாதேவன் நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோன ஒரு தெலுங்குப் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டான். ஊர்க்கூட்டம் போட்டு விசாரித்தார்கள்.

"கடல்ல இஞ்சின் நின்னுபோனா எல்லாரும் நம்மாளுதான்" என்றான் அவன்.

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். எல்லாரும் சும்மா அவனைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து லட்சுமி குழம்புக் கிண்ணத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

காற்று ஏரிப் பக்கமிருந்து சேற்று வாடையையும் கருவாட்டு வாடையையும் அள்ளிக்கொண்டு வந்தது, கூடவே ரொம்பத் தூரத்தில் ஒரு குழந்தை விட்டுவிட்டு அழுகிற சத்தமும், அதற்கு அடியில் யாரோ கிழவன் இருமுகிற சத்தமும், பாத்திரம் உருளுகிற சத்தமும் வந்தன. தேவகி காதைத் தீட்டிக்கொண்டாள். அக்கரை ஊராக இருக்கும். ஆனால் சத்தம் அக்கரையிலிருந்து வரவில்லை. கிழக்கே, முகத்துவாரத்துக்கு அந்தாண்டயிருந்து வந்தது. அங்கே கடல்தான் இருக்கிறது.

பிறகு அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"சோறு ஆறுது, வந்து துன்னுடா!"

லட்சுமி. சந்தேகமே இல்லை. இந்த ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒரு தொண்டை கிடையாது.

தேவகி தெருவைத் தாண்டி எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போனாள். நட்சத்திர வெளிச்சத்தில் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. லட்சுமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். பக்கத்தில் அவள் மகன், அவனும் வாயைப் பொத்தியிருந்தான். இரண்டு பேரும் கண்ணைச் சிமிட்டாமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்றாள் தேவகி.

லட்சுமி அசையவில்லை. கடல் பக்கமிருந்து அவள் குரல் மறுபடியும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டது.

 தேவகிக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, எரிச்சல்தான் அவளை நிற்க வைத்தது. ஊர் எக்கேடு கெட்டும் போகட்டும், பேயே பிடிக்கட்டும். அவளுக்கு அவள் ஆள் கரை சேர வேண்டும். வீட்டுக்குள் ஓடி மண்ணெண்ணெய்க் கேனையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். துறையில் கிழிந்த வலைகள் குவிந்து கிடக்கின்றன. நைலான் பற்றினால் சுலபத்தில் அணையாது. ரஞ்சித் நாளைக்குப் போலீசில் பிடித்துக் கொடுக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

தெருவில் நடந்தாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை. திரும்பிப் பார்த்தாள். லட்சுமி வீட்டுக் கதவும் இப்போது திறந்திருந்தது.

துறை மணல் காலில் சில்லென்றிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அலை மட்டும். அலைக்கு அந்தாண்ட ஊர்ச் சத்தம் முழுக்க. சிரிப்பு. டிவிப் பாட்டு. ரஞ்சித்தின் குரல், யாரிடமோ அழுதபடி, "அண்ணே, எனக்குப் பயமா கீது" என்றது.

அப்புறம் சகாதேவன் குரல்.

"தேவகீ... விளக்கு காட்டு."

உயிர் வந்தது அவளுக்கு. கேன் மூடி திறக்க மாட்டேன் என்றது. பல்லால் கடித்துத் திறந்தாள். ஊற்றினாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது பற்றிக்கொண்டது.

வலை குப்பென்று எரிந்தது.

ஊர் முழுக்கத் தண்ணீர் ஓரமாக நின்றிருந்தது. வரிசையாக. ஆண், பெண், பிள்ளை. பச்சை பனியனில் ரஞ்சித். எல்லார் கையும் அவரவர் வாய்மேல். யாரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவர்கள் காலடியில் சகாதேவனின் படகு. மணலில் ஏற்றி, இஞ்சினைத் தூக்கி வைத்து, கயிறு கட்டியாகிவிட்டது.

வரிசைக் கடைசியில் சகாதேவன். காலையில் போட்டுக்கொண்டு போன அதே நீலச் சட்டை. தண்ணீர் சொட்டியது. கை வாய்மேல் இருந்தது.

"எப்பய்யா வந்தே?" என்றாள். "வந்தவன் வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா கேடு?"

அவன் பார்த்தான். அவளை அடையாளம் தெரிந்த பார்வை இல்லை அது.

அவளையும் அறியாமல் வாயில் வந்தது. இருட்டில் எதிரே வருகிறவனைக் கேட்கிற கேள்வி.

"நம்மாளா?"

அவன் கை வாய்மேலேயே இருந்தது. முகத்துவாரத்துக்கு அந்தாண்டயிருந்து, அலைக்கு மேலே, மூச்சு வாங்கிக்கொண்டு அவன் குரல் பதில் சொன்னது.

"நம்மாளுதான் தேவகி. விளக்கு காட்டு. வழி தெரியல."

சகாதேவன் வரிசையை விட்டு வந்தான். நிதானமாகக் காலால் மணலை வாரி நெருப்பின்மேல் தள்ளினான். மற்றவர்களும் வந்தார்கள். மணல் விழ விழ வெளிச்சம் சுருங்கியது. அவள் தடுத்தாள். பிடித்து இழுத்தாள். அவன் திரும்பினான். வாயைப் பொத்தியிருந்த கையை எடுக்காமல், மறு கையை நீட்டினான். ஈரமான உள்ளங்கை. மீன் வாடை. அவள் வாய்மேல் அழுந்தியது.

தேவகி கத்தினாள்.

அந்தக் கத்தல் கடலிலிருந்து கேட்டது. "விளக்கு காட்டுங்க! யாராவது விளக்கு காட்டுங்க!"

கரையில் யாரும் அசையவில்லை.